பன்னிரண்டாம் தேதித் தாள்

ஓவியா இதுவரை எழுதியவற்றுள் மிகத் திருத்தமான கையெழுத்தில் அமைந்தது ஒரு மன்னிப்புக் கடிதம். அதில் ஒரு சொல்கூட அவளுடையதன்று. கல்லூரிச் செயலர் காசிராஜன் மேசைக்குப் பின்னால் சாய்ந்து அமர்ந்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, அவள் மேசையோரத்தில் தாளை வைத்து நின்றபடியே எழுதினாள். அவளுடைய தந்தை வெள்ளைத்துரை கதவருகில் நின்றார். அவர் காசிராஜனின் பட்டாசுக் கம்பெனியில் பதினான்கு ஆண்டுகளாக லாரி ஓட்டுபவர். செருப்பை வராந்தாவிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார்.

"'என் வகுப்புத் தோழி பொன்மணி, தன் தாயாருக்கு மதியச் சோறு கொண்டுபோன இடத்தில் விபத்தில் சிக்கி இறந்தாள்.' எழுதிட்டியா? அடுத்தாப்புல போடு. 'அவள் பட்டாசு ஆலையில் வேலை பார்த்ததாக நான் பரப்பிய செய்தி பொய்.' அந்தப் பொய்ங்கிறதுக்கு அடியில ஒரு கோடு போடு."

ஓவியா கோடு போட்டாள்.

"பேரு, வகுப்பு, தேதி. கையெழுத்து. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. இதுக்குப் போயி ஒரு வாரமா ஊரைக் கூட்டிட்டீக."

அவர் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். கையெழுத்து அவருக்குப் பிடித்திருந்தது.

"வெள்ளைத்துரை, உம்ம மகளுக்குக் கம்ப்யூட்டர்ல தமிழ் டைப் வருமாமே. டி.சி.யை வாங்கிட்டுப் போகட்டும். நாளையிலருந்து நம்ம பிரஸ்ல டிசைன் செக்சன்ல வந்து உக்காரச் சொல்லும். நம்ம கண்ணுக்கு முன்னால இருந்தாத் தேவலை. தர்ணா பண்ணுன பிள்ளைக்கு வேலை போட்டுக் குடுத்தவன் இந்த ஊருலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

வெள்ளைத்துரை கும்பிட்டார். ஓவியா, "சரிங்கய்யா" என்றாள். அவ்வளவு எளிதில் அவள் இசைந்ததைக் கண்டு தந்தைக்கே வியப்பு. காசிராஜன் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். அவளோ அந்த நொடியில் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிலை போடாத, பல் வரிசை குலையாத, நன்றாகப் பேணப்பட்ட வாய். சோறு கொண்டுபோனாள் என்று சொன்ன இதே வாயால், பொன்மணி வேலைக்கு வந்தாள் என்று சொல்ல வைக்காமல் இந்த மனிதரை விடுவதில்லை என்று தனக்குள் உறுதி செய்துகொண்டாள். அதற்கு எத்தனை மாதம் ஆனாலும் சரி, தன் படிப்பு போனாலும் சரி.

நடந்தது இதுதான். ஓவியாவும் பொன்மணியும் தாயில்பட்டியில் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள். கல்லூரியில் இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு. டிசம்பர் பருவத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும், பொன்மணி வெம்பக்கோட்டைச் சாலையில் இருந்த காசிராஜனின் ஆலைக்கு வேலைக்குப் போனாள். அவளுடைய தாய் மூக்கம்மாள் அங்கே பெட்டி அடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள். மகளைப் பூச்சட்டி என்னும் புஸ்வாணத்திற்கு மருந்து செலுத்தும் அறையில் உட்கார வைத்தார்கள். நான்கு பேர் மட்டுமே இருக்க வேண்டிய அறையில், புத்தாண்டு ஆர்டர் என்று சொல்லி ஏழு பேரை உட்கார வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு அந்த அறை தரைமட்டமாயிற்று. பொன்மணியோடு சேர்த்து மூவர் இறந்தனர்.

பதிவில் பெயர் இல்லாத, பயிற்சி பெறாத ஒரு மாணவியை மருந்து அறையில் அமர்த்தியது வெளியே தெரிந்தால் ஆலையின் உரிமம் போய்விடும். ஆகவே ஆலை போர்மன் தங்கப்பாண்டியன், இறந்தவள் தன் தாய்க்குச் சோறு கொண்டுவந்த வெளியாள் என்று எழுதிக் கொடுத்தார். பதினொரு மணிக்கு யார் மதியச் சோறு கொண்டுவருவார் என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. தப்பிப் பிழைத்தவர்கள் அடுத்த வேலையை நினைத்து வாயைத் திறக்கவில்லை.

இதனால் பழி முழுதும் மூக்கம்மாளின் தலையில் விழுந்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். "ஒரு நாளு சோத்த மறந்துட்டுப் போனா என்ன, பக்கத்துல உள்ளவளுக ஒரு கை குடுக்க மாட்டாளுகளா? பிள்ளைய அங்கன வரச் சொல்லணுமாக்கும்?" அவள் மறுத்துச் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. மகளை இழந்தவள் ஏதோ புலம்புகிறாள் என்று நினைத்தார்கள். அவளே மகளைக் கொன்றவள்போல ஆகிவிட்டாள்.

ஜனவரியில் கல்லூரி திறந்ததும் மாணவர்கள் ஓர் இரங்கல் கூட்டம் கேட்டார்கள். முதல்வர் சபரிநாதன், அது வெளிவிவகாரம் என்றார். பொன்மணியின் பெயரை வளாகத்திற்குள் எழுதவோ பேசவோ கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அது வந்த மறுநாள் ஓவியாவும் அவளோடு முப்பத்தொரு பேரும் முகப்பு மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். முழக்கம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் மட்டும் இருந்தது. "பொன்மணி சோறு கொண்டுபோகவில்லை. வேலைக்குப் போனாள்."

நிர்வாகம் காவல்துறையை அழைக்கவில்லை. அந்த வட்டாரத்தில் அதற்குத் தேவையும் இல்லை. காசிராஜன் ஆலை போர்மன்களுக்குத் தொலைபேசியில் பேசினார். போர்மன்கள் கொட்டகைகளுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசினார்கள். இரண்டாம் நாள் நண்பகலில் கம்பெனி வேன்கள் கல்லூரிக்குள் வந்து நின்றன. அவற்றிலிருந்து தாய்மார் இறங்கினர். கையைக் கழுவவும் நேரம் கொடுக்கப்படாததால், அலுமினியப் பொடி படிந்து வெள்ளி பூசியதுபோல் மின்னும் கைகளோடு, அவரவர் பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். முனியராஜ் என்ற மாணவன் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அவன் தாய் அவன் முதுகில் அடித்த இடத்தில் சட்டையில் ஐந்து விரலும் வெள்ளியாய்ப் பதிந்தன. மாலையில் ஓவியா ஒருத்தியே எஞ்சியிருந்தாள். அவளை அழைத்துப் போக வெள்ளைத்துரை லோடு ஏற்றிய லாரியோடு வந்து நின்றார்.

அதற்கடுத்த வாரந்தான் அந்தக் கடிதம்.

அச்சகத்தில் ஓவியா ஒருவரோடும் பகை காட்டவில்லை. வடிவமைப்புப் பிரிவில் அவளுக்கு மேலாளர் செந்தூர்பாண்டி. வயது ஐம்பதைத் தாண்டியவர்; மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே பேசுவார். தினசரிக் காலண்டர் வேலையை அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான்.

"இந்தா பாரும்மா, ஒரு தேதித் தாளுக்கு உசுரு எதுல இருக்கு? கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம். இதுல ஒண்ணு தப்பாப் போச்சுன்னு வையி, கன்னியாகுமரியிலருந்து போன் போட்டு வைவான். ஒருக்கா முகூர்த்தத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டுட்டோம். ஒரு கல்யாண வீட்டுக்காரன் மண்டபத்தையே புக் பண்ணிட்டு வந்து இங்கன உக்காந்துட்டான்."

"அடியில இருக்கிற சிந்தனை வரி?"

"அடிவரியா? அதை எந்தப் பய வாசிக்கான். வெத்தெடம் தெரியாம இருக்கப் போடுறது."

ஓவியா சிரித்தாள். அச்சகத்தில் அவள் சிரித்தது அதுவே முதல் முறை.

காசிராஜனின் பட்டாசுக் கம்பெனி ஆண்டுதோறும் தனக்கென்று ஒரு தினசரிக் காலண்டர் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கும். பட்டாசு வியாபாரிகள், அலுவலகங்கள், தொழிலாளர் வீடுகள், கல்லூரியின் அத்தனை மாணவர்கள் என்று அது போகாத சுவர் இல்லை. அதில் பிப்ரவரி பன்னிரண்டு மட்டும் தனிச் சிறப்புடைய தாள். அது காசிராஜனின் தந்தை, கல்லூரியை நிறுவியவர், பிறந்த நாள். அன்றைய அடிவரியில் முப்பது ஆண்டுகளாக அவருடைய வாசகம் ஒன்றே வரும்: "நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். என் ஊர்ப் பிள்ளைகள் மிதிக்காமல் இருக்கக் கூடாது." அன்று நிறுவனர் விழா. மேடையில் பெரிய அளவில் ஒரு காலண்டரை மாட்டி, காசிராஜன் அதில் பன்னிரண்டாம் தேதித் தாளைக் கிழித்து, தந்தையின் வாசகத்தை வாசித்த பிறகே விழா தொடங்கும்.

இவற்றை எல்லாம் மாணவியாக இருந்தபோதே ஓவியா அறிவாள். அவள் அறியாதிருந்த ஒன்றை ஆடி மாதத்தில் செந்தூர்பாண்டி சொன்னார். ஆடிப் பதினெட்டன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளைப் பூசையில் வைத்து வெளியிடுவது சிவகாசி அச்சகங்கள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம். இந்த அச்சகத்தில் அதோடு இன்னொன்றும் உண்டு. பன்னிரண்டாம் தேதித் தாளின் புரூபை, அச்சேறும் முன் எடுக்கும் மாதிரியை, நிறுவனரின் படத்தடியில் வைப்பார்கள். முதலாளியின் மனைவி அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடுவார். முதலாளி அதன் குறுக்கே பச்சை மையால் கையொப்பமிடுவார். பூசை கண்ட அந்தத் தாளைப் பிறகு திருத்துவதோ, வேறு புரூப் எடுப்பதோ ஆகாத காரியம். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்தப் பக்கத்தை அப்படியே அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"வேற எல்லாத் தாளுக்கும் நான் ஒரு கையெழுத்து, மொதலாளி மகன் ஒரு கையெழுத்து. இதுக்கு மட்டும் மொதலாளியேதான். நான் தொடவே மாட்டேன்" என்றார் செந்தூர்பாண்டி.

காசிராஜன் சொல்லச் சொல்லத் தான் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் ஓவியாவின் கண்முன் வந்தது. இப்போது தான் எழுத, அவர் கையொப்பமிடுவார்.

ஆடிப் பதினெட்டன்று காலை அவள் குளித்து, தலையில் பூ வைத்து, வாழைத்தளிரின் மேல் அந்தப் புரூபை வைத்துத் தானே ஏந்திக்கொண்டு போனாள். கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாம் இம்மி பிசகாமல் இருந்தன. அடிவரி மட்டும் வேறு. எழுத்தின் அளவும், இரண்டு வரியாக மடிந்த அமைப்பும், கீழே வலப்பக்கம் பெயர் வந்த இடமும் எப்போதும்போலவே இருந்தன.

"பொன்மணி சோறு கொண்டுவரவில்லை. என் ஆலைக்கு வேலைக்கு வந்து இறந்தாள். – காசிராஜன்"

காசிராஜனின் மனைவி பொன்னுத்தங்கம் விளக்கேற்றிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். தாளின் நான்கு மூலையிலும் சந்தனம் வைத்தவர், அதைக் கையிலேயே எடுத்துக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கே பிள்ள."

"ஆமாங்கம்மா. போன வருசம் இருந்த அளவுதான்."

"மாமா வாசகத்தை இம்புட்டுப் பொடியாவா போடுறது? அடுத்த வருசம் பெருசாப் போடு."

"போடுறேங்கம்மா."

பொன்னுத்தங்கம் தாளை வைத்துவிட்டு அதன் நடுவே குங்குமம் இட்டார். அது சரியாகப் பொன்மணியின் பெயர் மேல் படிந்தது. காசிராஜன் கண்ணை மூடித் தந்தையை வணங்கினார். கண்ணைத் திறந்தவர் புகைப்படக்காரனைப் பார்த்துக்கொண்டே குறுக்காகக் கையொப்பமிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். ஓவியாவும் தட்டினாள்.

டிசம்பரில் காலண்டர்கள் லாரி லாரியாகப் போயின. அவற்றில் மூன்று லோடு வெள்ளைத்துரை ஓட்டியது. ஓவியா அதைக் கண்டபோதுதான் முதன்முறையாக அச்சம் கொண்டாள். இது வெளிப்படும் நாளில் தந்தையின் வேலையும் போகும் என்பதை அவள் அறியாதவள் அல்லள். பலமுறை நினைத்து, பலமுறை ஒதுக்கி வைத்திருந்தாள். அவரிடம் சொல்லிவிடலாமா என்று ஓரிரு நாள் தடுமாறினாள். சொன்னால் அவர் அன்றைக்கே முதலாளியின் வீட்டு வாசலில் போய் நிற்பார். ஆகையால் சொல்லவில்லை. யாராவது நல்ல நாள் பார்க்கத் தாள்களை முன்கூட்டிப் புரட்டி அடிவரியையும் வாசித்துவிடுவார்களோ என்ற கலக்கம் ஜனவரி முழுவதும் இருந்தது. ஆனால் செந்தூர்பாண்டி சொன்னதே உண்மை. உரிய நாள் வருமுன் அடிவரியை எந்தப் பயலும் வாசிக்கவில்லை.

பிப்ரவரி பன்னிரண்டு காலை, மேடைக் காலண்டரை ஏற்றிக்கொண்டு அச்சக வேன் கல்லூரிக்குப் புறப்பட்டது. முன்னிருக்கையில் ஓவியாவும் செந்தூர்பாண்டியும். வேன் திருத்தங்கலைத் தாண்டியது. செந்தூர்பாண்டி சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"இன்னைக்கு வீட்டுல தாளைக் கிழிச்சேன். அடிவரி நல்லா வந்திருக்கு."

ஓவியா பின்னால் திரும்பி, மேடைக் காலண்டர் சரியாமல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"எம் பேரு எதுலயும் இல்லல்ல?"

"இல்லை அண்ணாச்சி."

"அப்பச் சரி" என்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

வாயிலில் காவலாளி ஊர்க்காவலன் வேனை மறித்தார். "உன்னைய உள்ள விடக் கூடாதுன்னு இங்கன எழுதியே ஒட்டியிருக்காக, தாயி."

"அது ஸ்டூடண்ட் ஓவியா. இது பிரஸ் ஓவியா. வழிய விடுமய்யா, நல்ல நேரம் போகுது" என்றார் செந்தூர்பாண்டி.

அரங்கத்திற்குள் நுழைந்ததும் ஓவியா திகைத்து நின்றுவிட்டாள். அவள் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை, ஒருவரையும் தூண்டவில்லை. தாயில்பட்டியிலிருந்து வந்த முதல் பேருந்தில் முனியராஜ் தன் வீட்டில் கிழித்த தாளைச் சட்டைப்பையில் எழுத்து வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு வந்தானாம். அதைக் கண்டவர்கள் தங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, அடுத்த பேருந்தில் வருபவர்களைக் கொண்டுவரச் செய்தார்களாம். விடுதி மாணவிகள் துப்பட்டாவில் ஊக்கால் குத்தியிருந்தார்கள். வரிசை வரிசையாக, நெஞ்சு நெஞ்சாக, சிவப்பில் பன்னிரண்டு. முதல்வர் சபரிநாதன் கைகளைப் பிசைந்துகொண்டு நடைவழியில் அலைந்தார்.

"அதை எடுங்கப்பா. எடுத்துருங்க."

"எதுக்கு சார் எடுக்கணும்? நம்ம காலேஜ் காலண்டர்தான். செக்ரட்டரி சார் பேருதான் போட்டிருக்கு. அவரு பேரைக் குத்திக்கிட்டா உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று ஒருத்தி கேட்டாள். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. முதல்வர் காசிராஜனைத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தார்; விழா நாள் காலையில் அவர் யார் அழைப்பையும் எடுப்பதில்லை.

காசிராஜன் வீட்டிலிருந்து நேரே மேடைக்கு வந்தார். அவருடைய வீட்டுப் பூசையறையில் மாட்டியிருப்பது வேறொரு காலண்டர். மகன் ஸ்ரீராம்குமார் சிறப்பு விருந்தினரை அழைத்து வந்தான். குத்துவிளக்கு ஏற்றினார்கள். காசிராஜன் பெரிய காலண்டரின் முன் நின்று, தந்தையின் படத்தை ஒருமுறை பார்த்து, தாளை ஒரே இழுப்பில் கிழித்தார். மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் நின்ற ஓவியா அவருடைய வாயையே பார்த்தாள். இதற்காகத்தானே இத்தனை மாதம்.

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்தபடி, கணீரென்ற குரலில், "நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். என் ஊர்ப் பிள்ளைகள் மிதிக்காமல் இருக்கக் கூடாது" என்று சொல்லி முடித்தார்.

முப்பது ஆண்டாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன வாசகம். அதை அவர் எதற்கு வாசிக்க வேண்டும்? இந்தச் சிறிய காரியம் ஓவியாவின் கணக்கில் வரவேயில்லை.

வழக்கமாக எழும் கைதட்டல் எழவில்லை. முன்வரிசையில் முனியராஜ் எழுந்து நின்றான். அவன் பின்னால் ஒவ்வொரு வரிசையாக எழுந்தது. நெஞ்சிலிருந்த தாளை எடுத்துக் கையில் உயர்த்திப் பிடித்தார்கள்.

"என்னப்பா, என்ன வேணும்? உக்காருங்க" என்றார் காசிராஜன்.

"சார், கையில இருக்கிற தாளை வாசிங்க" என்றான் முனியராஜ்.

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். வாசித்தார். மறுபடியும் வாசித்தார். ஸ்ரீராம்குமார் அருகில் வந்து, "அப்பா, விட்டுருங்க, உக்காருங்க" என்று காதோடு சொன்னதை ஒலிவாங்கி அரங்கம் முழுதும் கொண்டுபோயிற்று.

"எவன்லே இதை அச்சடிச்சது?"

"உங்க பிரஸ்தான் சார். உங்க பேருதான் போட்டிருக்கு. உண்மைதான சார்?"

காசிராஜன் தம் கையிலிருந்த தாளைக் கசக்கி எறிந்தார். தம்முடைய மேடையில், தம் தந்தையின் நாளில், தம்மிடம் கூலி வாங்குகிறவர்களின் பிள்ளைகள் தம்மைப் பார்த்துக் கேள்வி கேட்பது அவர் வாழ்நாளில் நேராத ஒன்று. இத்தனை காலம் பேணிவந்த வாய் அந்த நேரத்தில் அவர் பிடிக்குள் நிற்கவில்லை.

"என்னலே உண்மை? ஏலே, மூணு நாள் வேலைக்கு வந்த கழுதை. மூணே மூணு நாள். அதுக்கு ஒரு வருசமா ஒப்பாரி வைக்கீகளா? அவளை வேலைக்கு எடுத்ததே அவ ஆத்தா வந்து கெஞ்சுனதாலதான், தெரியுமாலே?"

ஸ்ரீராம்குமார் பாய்ந்து ஒலிவாங்கியைக் கையால் பொத்தினான். என்ன சொன்னோம் என்பது அவருக்கு இன்னும் புரியவில்லை. தம்மைச் சுற்றிலும் படம்பிடித்தபடி உயர்ந்திருந்த நூற்றுக்கணக்கான தொலைபேசிகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க, முகத்தில் நிறம் இறங்கியது.

திரைக்குப் பின்னால் ஓவியா இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. தான் எழுதி அவர் தலையில் கட்டிய வாக்கியத்தை அவர் மறுத்திருக்கலாம். யாரோ செய்த சதி என்று சொல்லியிருக்கலாம். இது அவருடைய சொந்தச் சொல். யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததன்று.

பிற்பகலில் அச்சகத்து அலுவலறையில் அவளை அழைத்தார்கள். பீரோவிலிருந்து எடுத்த புரூப் மேசைமேல் கிடந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. குங்குமமும் பச்சைக் கையொப்பமும் அப்படியே இருந்தன.

"போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துருவேன் உன்னைய" என்றார் காசிராஜன். குரல் தாழ்ந்திருந்தது.

"குடுங்கய்யா. புரூபையும் சேத்துக் குடுங்க. போன வருசம் நீங்க சொன்னீக, நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆடிப் பதினெட்டுக்கு நான் எழுதினேன், நீங்க போட்டீக. கோர்ட்டுல ரெண்டையும் வாசிக்கட்டும்."

ஸ்ரீராம்குமார், "வேண்டாம்ப்பா. இவளைப் பிடிச்சா வீடியோவும் கேசுக்குள்ள வந்துரும். போகச் சொல்லுங்க" என்றான்.

"போ. உங்கப்பனையும் வண்டிச் சாவிய வச்சிட்டுப் போகச் சொல்லு."

வெள்ளைத்துரை அன்று மாலையே சாவியை வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். மகளை அவர் ஏசவில்லை. முற்றத்துக் குழாயில் நெடுநேரம் கை கழுவினார். அந்த லாரியின் முன்கண்ணாடியில் மகள் பெயரை அவர் எழுதி வைத்திருந்தார். இனி வேறு யாரோ அதைச் சுரண்டி எடுப்பார். ஓவியா சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் அவர் அருகில் வைத்துவிட்டு நின்றாள். காசிராஜனுக்குச் செய்ததில் அவளுக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. தந்தைக்குச் செய்ததில் உண்டு.

மறுநாள் பொழுது விடிந்ததும் அவள் மூக்கம்மாளின் வீட்டுக்குப் போனாள். முனியராஜ் அனுப்பிய ஒளிப்பதிவைத் தொலைபேசியில் போட்டுக் காட்டினாள். மூக்கம்மாள் அதைக் காதோரம் வைத்துக் கேட்டாள். கழுதை என்ற சொல்லுக்கோ, ஒப்பாரி என்ற சொல்லுக்கோ அவள் முகம் மாறவில்லை.

"நான் கெஞ்சுனது நெசந்தான். பீஸு கட்டணும்னு அவளே போறேன்னா. நாந்தான் போயி போர்மன்கிட்டக் கேட்டேன்" என்றாள். தொலைபேசியை அவளிடம் நீட்டி, "அந்த மூணு நாளுங்கிறதை மட்டும் திருப்பிப் போடு" என்றாள்.

ஓவியா போட்டாள்.

"சோறுன்னு சொல்லலையே?"

"சொல்லலை சித்தி. வேலைக்கு வந்ததுன்னுதான் சொல்லுதாரு."

மூக்கம்மாள் எழுந்து முகத்தைக் கழுவினாள். நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டினாள். சூலக்கரையிலுள்ள மாவட்டக் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதி வைத்திருந்தாள் ஓவியா. ஒன்பது மணிப் பேருந்துக்குப் போவதாக ஏற்பாடு. மணி இன்னும் ஏழுகூட ஆகவில்லை.

"இப்பவே எங்க சித்தி கிளம்பிட்டீக?"

"கம்பெனி பஸ்ஸு வர்ற நேரம்" என்றாள் மூக்கம்மாள்.

ஊர் முகப்பில் ஆலைப் பேருந்து வந்து நின்றது. தூக்குவாளிகளோடு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் பேசிய பெண்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். முன்னிருக்கையில் போர்மன் தங்கப்பாண்டியன், மடியில் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். மூக்கம்மாளைக் கண்டதும் அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவள் படியில் ஏறி, அவருக்கும் ஓட்டுநருக்கும் நடுவே நின்றாள். ஓவியா ஒலியை முழுதாகக் கூட்டினாள். "மூணு நாள் வேலைக்கு வந்த கழுதை. மூணே மூணு நாள்" என்று முதலாளியின் குரல் பேருந்தின் கடைசி இருக்கை வரை போயிற்று. பேச்சு ஒவ்வொரு இருக்கையாக அடங்கியது. ஒருத்தி தன் தூக்குவாளியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

தங்கப்பாண்டியன் பதிவேட்டைத் திறந்து எதையோ தேடுவதுபோல் தாள்களைப் புரட்டினார்.

"வண்டிய எடுப்பா, நேரமாச்சு" என்றார் ஓட்டுநரிடம்.

ஓட்டுநர் எடுக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்காப் போடு ஓவியா. சத்தமாப் போடு. எம் மக சோறு கொண்டு வந்தான்னு எழுதுன கை இதுதான். இவருக்குக் காது நல்லாக் கேக்கட்டும்" என்றாள் மூக்கம்மாள்.